எண்ணெய் குடித்த பூட்டு

இராயபுரம் விடுதி,
12 நவம்பர் 1934

அன்புள்ள தேவப்பிரியம் அக்காவுக்கு, தங்கை சுகிர்தம் எழுதுவது.

இனி உனக்கு எழுதும் கடிதங்களில் நடந்ததை நடந்தபடியே எழுதுவதாக முடிவு செய்திருக்கிறேன். எனக்குப் பாதகமானாலும் மறைக்க மாட்டேன். ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பூட்டுத் திறக்கப் பழகுகிறேன். திருடுவதற்கு அல்ல.

போன மாதம் என் பெட்டிச் சாவி கிணற்றில் விழுந்தது. வாட்ச்மேன் கோதண்டம் சுத்தியலோடு வந்து, "ஒரே போடு பாப்பா. பூட்டு பூடும், பொட்டி நிக்கும்" என்றார். போட்டார். பெட்டி மூடி நசுங்கியது, பூட்டு நின்றது. அவர் போன பிறகு கொண்டை ஊசியை விட்டுச் சாயங்காலம்வரை துழாவினேன். திறந்துகொண்டது. கடினமான கணக்குக்குச் சரியான விடை வந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

அதுமுதல் இதே நினைவுதான். கோதண்டம் சாவியில்லாத பழைய பூட்டுகளைக் கொண்டுவந்து தருகிறார். உடைந்த குடைக் கம்பியைக் கல்லில் தேய்த்துக் கருவி செய்திருக்கிறேன். மூன்று பூட்டுகள் திறந்தன. நான்காவது என்னை மதிக்கவில்லை.

திருவொற்றியூர் எட்டிவிடும் தூரம்தான், ஆனால் விடுதியில் மாதம் ஒருமுறைதானே வெளியே விடுகிறார்கள். சென்ற முறை வந்தபோது நீ சரியாகப் பேசவில்லை. தோசையை மட்டும் அடுக்கிக்கொண்டே இருந்தாய். ஏன்? கிறிஸ்துமஸுக்கு நீயும் அத்தானும் தூத்துக்குடி வருவீர்களா என்று அப்பா கேட்கிறார்.

உன் அன்புத் தங்கை,
சுகிர்தம்


திருவொற்றியூர்,
16 நவம்பர்

கண்ணு சுகிர்தம்,

உனக்குப் புத்தி சொல்லத்தான் பேனா எடுத்தேன். ஆனால் எனக்கு ஒரு பூட்டைத் திறக்க வேண்டியிருக்கிறது.

சீதனமாக வந்த என் டிரங்குப் பெட்டி உனக்குத் தெரியுமே. ஆடி மழையில் வீடு ஒழுகியபோது, என் மாமியார் அதைத் தன் அறைக்குள் இழுத்துப்போய், அதற்குத் தன் பூட்டு ஒன்றைப் போட்டுவிட்டார்கள். பூட்டு, ஹார்பரில் கப்பல் சரக்கு ஏலம் போட்டபோது அத்தையே எடுத்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அதைக் காட்டாமல் விடுவதில்லை. "பாத்துக்கோ, சீமைப் பூட்டு. யானை இஸ்தாலும் வராது."

என் புத்தகங்களும் டிரெயினிங் சர்ட்டிபிகேட்டும் அதற்குள்தான். இங்கே மிஷன் பள்ளியில் ஜனவரி முதல் ஆசிரியை வேண்டும். விடுமுறைக்கு முன் சர்ட்டிபிகேட்டைக் கொண்டுபோய்க் காட்டினால் வேலை எனக்கு.

பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கேட்கும்போதெல்லாம் ஒரு சாக்கு. ஒருநாள், "இன்னிக்கி வெள்ளிக்கெயமெ." ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு வெள்ளிக்கிழமை என்ன செய்யும்? இன்னொருநாள், "இன்னா அவசரம்? புஸ்தகம் இன்னா ஊசிப்பூடுமா?" காரணத்தை நான் சொல்லவில்லை. வேலைக்கென்று தெரிந்தால் சாவியைக் கடலில் போட்டாலும் போடுவார்கள். உன் அத்தானோ, "அம்மாகிட்ட நீயே கேளு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஹார்பருக்கு ஓடுகிறார்.

பெட்டி திறக்காவிட்டால் விடுமுறைக்கு உன்னோடு ஊருக்கு வருவேன். திரும்பி வரமாட்டேன். அப்பாவுக்கு எழுதாதே. புதன்கிழமைகளில் அத்தை மாதர் சங்கத்துக்குப் போவார்கள். அந்த நேரத்தில் என்ன செய்யலாம் என்று எழுது.

தேவப்பிரியம்


இராயபுரம்,
19 நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டுமுறை படித்தேன். முதல் முறை அழுதேன். இரண்டாம் முறை குறிப்பெடுத்தேன்.

பூட்டுக்குள் மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஒவ்வொன்றும் தனக்குரிய உயரத்துக்கு எழும்பினால்தான் பூட்டு விடும். இத்துடன் இரண்டு கம்பிகள் வைத்திருக்கிறேன். வளைந்ததைச் சாவித்துளைக்குள் விட்டு, திறக்கும் பக்கமாக லேசாக அழுத்திப் பிடி. மற்றதால் தகடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கு. மாவு புளித்ததா என்று விரலால் தொட்டுப் பார்ப்பாயே, அவ்வளவு அழுத்தம் போதும். கோபப்பட்டால் எல்லாம் விழுந்துவிடும். எனக்கு அப்படித்தான் விழுகிறது.

நீ என்னோடு ரயிலில் வருவாய் என்று நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. பூட்டு திறக்க வேண்டும் என்றும் ஜெபிக்கிறேன். இரண்டையும் ஒரே ஜெபத்தில் சொல்வது சரியா என்று தெரியவில்லை.

சுகிர்தம்


திருவொற்றியூர்,
22 நவம்பர்

சுகிர்தம்,

கம்பி உள்ளே போகிறது. தகடு இருப்பதும் தெரிகிறது. ஆனால் ஒன்றும் அசையவில்லை. எல்லாம் சேர்ந்து ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கிறது. சுரண்டினால் கம்பியில் பச்சையாகக் களிம்பு வருகிறது. கோபப்பட்டேன். விழுவதற்குக்கூட ஒன்றும் எழும்பவில்லை.

தேவப்பிரியம்


இராயபுரம்,
24 நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

நோய் தெரிந்துவிட்டது. கப்பலில் வந்த பூட்டு, உப்புக் காற்றில் உள்ளே வறண்டிருக்கிறது. தேங்காயெண்ணெய் விடு. என் நான்காவது பூட்டு எண்ணெய் விட்ட மறுநாளே திறந்தது. அந்த உற்சாகத்தில் விடுதிச் சாமான் அறைப் பூட்டுக்கும், யாரும் கேட்காமலே, எண்ணெய் விட்டேன்.

தாராளமாக விடு.

சுகிர்தம்


திருவொற்றியூர்,
8 டிசம்பர்

சுகிர்தம்,

தாராளமாக விட்டேன். முதல் புதன் கொஞ்சம் அசைந்தது போல இருந்தது. இந்தப் புதன் கம்பியே உள்ளே போகவில்லை. சாவித்துளையில் வெள்ளையாக ஏதோ அடைத்திருக்கிறது. முன்னே பிடிவாதமாக இருந்த பூட்டு, உன் வைத்தியத்துக்குப் பிறகு செத்தேவிட்டது.

எண்ணெய்க் குப்பி வேறு மளமளவென்று காலியாகிறது. நான் எடுத்தது ஒரு கரண்டிகூட இருக்காது. அத்தையோ, "இன்னா பொண்ணே, எண்ணெய தலைக்கு வெக்கிறியா, குடிக்கிறியா" என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விடுகிறார்கள். கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

எனக்கும் சேர்த்து ரயில் டிக்கெட்டுக்குச் சொல்லிவை. துணிகளை மடித்து வைத்துவிட்டேன்.

தேவப்பிரியம்


இராயபுரம்,
13 டிசம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ இதைப் படித்தவுடன் துணிகளை மறுபடி விரித்துவிடலாம். பூட்டு சாகவில்லை. நான்தான் மூடத்தனமாக வைத்தியம் செய்தேன்.

இன்று காலை பனியும் கடற்காற்றும் சேர்ந்து பல் கிட்டியது. சாமான் அறைப் பூட்டு திறக்கவில்லை. அரிசி உள்ளே, நாங்கள் எல்லாரும் வெளியே. கோதண்டம் சாவியைத் திருப்பித் திருப்பி, "இன்னா பேஜாரு புட்ச்ச பூட்டும்மா இது" என்று சுத்தியலைத் தேடினார். விடுதித் தலைவி ரோஸ்மேரி அம்மாள் எங்களை ஞானப்பாட்டுப் பாடச் சொன்னார்கள். கஞ்சியில்லாமல் பாடும்போது மேல் ஸ்தாயி எட்டவில்லை. சாமான் அறைக் கதவில் வெயில் விழுந்து சற்று நேரமானதும், கோதண்டம் வெறுப்பில் ஒருமுறை சாவியைத் திருப்பினார். திறந்துவிட்டது. "என் கைராசி" என்றார்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். சாவித்துளையிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. பனிக்காலத்தில் குப்பியில் தேங்காயெண்ணெய் உறைந்தால் வெயிலில் வைத்துத்தானே தலைக்குத் தடவுகிறோம்? பூட்டுக்குள்ளும் அதுவேதான் நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ரோஸ்மேரி அம்மாள் பூட்டை மோந்து பார்த்து, "இது யார் வேலை?" என்றார்கள். எழுந்து நின்றேன். என் கம்பிகள் இப்போது அவர்கள் மேசை இழுப்பறையில் இருக்கின்றன.

நீ பெட்டியை வெயிலில் வை. எண்ணெய் உருகியதும் பூட்டைத் தலைகீழாகப் பிடித்து முழுதும் வடியவிடு. பிறகு கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவு. அதன்பின் கம்பி.

டிக்கெட்டுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

சுகிர்தம்


திருவொற்றியூர்,
16 டிசம்பர்

என் செல்லச் சுகிர்தம்,

கேள். சனிக்கிழமை வெயில் ஏறியதும், அத்தை சமையலறையில் இருக்கும்போது, பெட்டியை முற்றத்துக்கு இழுத்தேன். இழுத்த சத்தத்தில் கரண்டியோடு ஓடி வந்தார்கள்.

"இன்னா பண்ணிகினு கீறே?"

"பூச்சி பிடிக்கும் அத்தை. வெயில் காட்டுகிறேன்."

"மூடின பொட்டிக்கு வெய்யிலா? உள்ள இட்டுகினு போ."

நான் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அத்தை ஒரு கைப்பிடியைப் பிடித்தார்கள், நான் மறு கைப்பிடியைப் பிடித்தேன். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. பூட்டு சொட்ட ஆரம்பித்தது. முதலில் சொட்டு, பிறகு தாரை. நான் விட்டது ஒரு கரண்டி. வந்ததோ வடை சுடுகிற அளவு. நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்த்தார்கள்.

"நீயும் ஊத்தினியா?" என்றார்கள்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். "பூட்டினதோட சரி, தொறக்கவேல்ல. சாவி உள்ள போவுது, திரும்ப மாட்டுது. எண்ணெ ஊத்தினேன், ஜெபம் பண்ணேன். சீமைப் பூட்டுன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சிட்டு, மூஞ்ச எங்க வெச்சிக்கிறது?"

"அப்போ வெள்ளிக்கிழமை என்றது?"

"வேற இன்னா சொல்றது? உங்கப்பாரு குட்த்த பொட்டி. அத்த நாசம் பண்ட்டாங்கன்னு நீ ஊருக்கு எய்திப்பூட்டீன்னா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினேன். நீ சொன்னபடி வடியவிட்டு மண்ணெண்ணெய் விட்டோம். அத்தை முந்தானையால் பூட்டைப் பிடித்துக்கொள்ள, அத்தையின் இடுப்புச் சாவியை வாங்கி நான் திருப்பினேன். பூட்டு தும்மியதுபோல் ஒரு சத்தம் போட்டுத் திறந்தது.

சர்ட்டிபிகேட்டின் ஓரம் பழுத்திருக்கிறது, எழுத்து நன்றாக இருக்கிறது. அத்தை அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "இதுக்கா இம்மா நாளு மூஞ்ச தூக்கி வெச்சிகினு இருந்தே? வேலைக்கின்னு வாயத் தொறந்து சொல்றதுதானே?" என்றார்கள்.

"சொன்னால் விடமாட்டீர்கள் என்று நினைத்தேன்."

"நீயே நெனச்சிகினே." சர்ட்டிபிகேட்டை என் கையில் திருப்பிக் கொடுத்து, "போ. ஆனா பூட்டு சமாசாரம் மட்டும் மாதர் சங்கத்துக்குப் போவக்கூடாது" என்றார்கள். மறுபேச்சில்லாமல் தலைமையாசிரியை வீடுவரை என்னோடு நடந்து வந்து, வாசலில் குடைபிடித்து நின்றார்கள். வேலை கிடைத்தது.

ஆகவே கண்ணு, கிறிஸ்துமஸுக்கு நான் ஊருக்கு வரவில்லை. கல்யாணமாகி இங்கே முதல் பண்டிகை, அத்தை முறுக்குக்கு மாவு இடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நீ தனியாகப் போய்விடுவாய்தானே?

அன்பு அக்கா,
தேவப்பிரியம்


இராயபுரம்,
18 டிசம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் மாலையில் வந்தது. உனக்கு வேலை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம். ஆனால் படித்ததும் முதலில் வந்தது சந்தோஷம் அல்ல. அது இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்ததை நீயே ஊகித்துக்கொள்.

தனியாகப் போய்விடுவேன். ஊர்வரை ஒரு பாதிரியார் குடும்பம் வருகிறதாம், அவர்களோடு அனுப்புகிறார்கள். அவர்களுக்கு ஐந்து பிள்ளைகள். அப்பாவிடம் உன் வேலையைச் சொல்வேன், மடித்து வைத்த துணிகளைச் சொல்லமாட்டேன். அதைச் சொல்ல வேண்டியவள் நீ, அதுவும் சொல்ல வேண்டுமென்றால்.

இன்று ரோஸ்மேரி அம்மாளின் கைப்பெட்டிச் சாவி உடைந்துவிட்டது. மேசை இழுப்பறையிலிருந்து என் கம்பிகளை எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல் என் பக்கமாகத் தள்ளினார்கள். திறந்து கொடுத்தேன். கம்பிகளைத் திருப்பிக் கேட்கவில்லை.

உன் அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல். உன்னை வாசல்வரை கொண்டுவிட்டதற்காக அவர்கள்மேல் இருந்த கோபத்தை விட்டுவிட்டேன். கொஞ்சம் மீதி இருக்கிறது, அதுவும் ரயிலில் போய்விடும். முறுக்கில் ஒரு டப்பா எனக்கு

விளக்கை அணைத்துவிட்டார்கள். கையெழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

சுகிர்தம்