நாற்பதை எண்பது என்ற கதை

ஞாயிறு, இரவு.

எங்கள் மின் ஸ்கூட்டர் கூட்டத்தில் ஒரு வழக்கம். டோல்கேட்டில் கிளம்பும் முன் எல்லாரும் சார்ஜைச் சொல்ல வேண்டும். குறைவாக உள்ளவர் முன்னால் போவார். மற்றவர்கள் அவர் வேகத்துக்குப் பின்னால் வருவார்கள். இன்று என்னிடம் நாற்பது சதவீதம். தன் புது வண்டியை வீட்டுக்காரரைக்கூடத் தொடவிடாத மேரி எதிரே கௌரவம் பார்த்து எண்பது என்றேன்.

எண்ணூர் போய்த் திரும்புகையில் திருவொற்றியூரில் என் வண்டி படுத்துவிட்டது. எங்கள் கூட்டத்தில், மதியம் துறைமுகத்தில் ஷிப்டு இருந்த பாஸ்கர்தான் தன் வண்டியிலிருந்தே காலால் தள்ளிக்கொண்டு வந்தான். டோல்கேட் வருவதற்குள் அவன் சார்ஜும் தீர்ந்தது. ஷிப்டு போயிற்று.

"எண்பதுன்னியே மாமு, அது இன்னா உன் வயசா?" சிரிக்காமல் கேட்டான்.

அடுத்த ஞாயிறு உள்ளதைச் சொல்வேன். முதல் ஆளாக முப்பது கிலோமீட்டர் வேகத்தில் உருட்டுவேன். மேரி பின்னால் ஹாரன் அடிக்கட்டும். பாஸ்கர் வந்தால் போதும்.