தண்ணீர்க் குப்பி

ஜூலை 6, ஞாயிறு

அப்பா நாலு மணிக்கு எழுந்து பெங்களூர் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பதால் ஒன்பதுக்கே விளக்கு அணைந்துவிடும். போர்வைக்குள் செல்போன் டார்ச்சில் எழுதுகிறேன்.

இன்னும் இரண்டு வாரத்தில் எனக்கு உறுதிபூசுதல். பிஷப் வந்து நெற்றியில் எண்ணெய் பூசுவார். இன்று பூசை முடிந்ததும் டேவிட் சார் அதற்கான வகுப்பு எடுத்தார். கடவுள் மனிதரானதே நம்மைத் தம் வாழ்வில் சேர்த்துக்கொள்ளத்தான் என்றார். உடனே ரோனி எழுந்தான்.

“அப்ப நாமளும் சாமியா சார்? அப்ப மேத்ஸ் பரீட்சை வேணாமே.”

“உக்காருடா சாமி. நீயா ஆவ முடியாது. அவரு குடுப்பாரு, நீ வாங்கிக்கணும். பூசையில திராட்சை ரசத்துல ஒரு சொட்டுத் தண்ணி ஊத்துறாங்க இல்ல? அந்தச் சொட்டு நாமதான். விழுந்தப்புறம் தனியா எடுக்க முடியுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் ஒரு மாதிரி இருந்தது. சொட்டு காணாமல் போய்விடுகிறதே. அப்படியென்றால் டீனா என்கிற நான் எங்கே இருப்பேன்?

ஜூலை 9, புதன்

காலைப் பூசைக்கு உதவி நான்தான். ஓடிப் போனேன், அப்படியும் தாமதம். தண்ணீர்க் குப்பி காலி. குடிதண்ணீர்க் கேனும் காலி. கேன் போடும் தங்கவேலு அண்ணன் ஆட்டோ இன்னும் வரவில்லை. மணி அடித்துவிட்டார்கள். பூசைச் சாமான்கள் வைக்கும் சக்கரீஸ்து அறைக்குப் பின்னால், தரை துடைக்க டேங்கர் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம் இருக்கிறது. மூடி கீழே கிடந்தது. குப்பியை அதில் முக்கி எடுத்துக்கொண்டு ஓடினேன்.

எங்கள் பங்கு ஃபாதர் ஆஷ்லி எப்போதும்போல ரசத்தில் ஒரு சொட்டு ஊற்றினார். குடித்தார்.

பிறகுதான் போய்ப் பார்த்தேன். டிரம் தண்ணீர்மேல் வெள்ளையாக ஒரு படலம். இந்த மாதம் காற்று மாதம். தங்கச் சுரங்கக் கழிவைக் கொட்டிவைத்த சயனைட் மேட்டு மண்தான் பறந்து வந்து விழுந்திருக்கிறது. அந்த மண் பட்ட துணியைக்கூட அம்மா இரண்டு தடவை அலசுவாள்.

ஜூலை 10, வியாழன்

ஃபாதருக்கு ராத்திரியெல்லாம் வாந்தியாம், வயிற்று வலியாம். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

ஐயோ. நான்தான். நான்தானே?

ஜூலை 11, வெள்ளி

சாப்பிட முடியவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “ஜுரம் இல்லியே, இன்னாடி ஆச்சு?” என்றாள். எக்ஸாம் பயம் என்றேன். இன்னொரு பொய்.

சொன்னால் பூசை உதவியிலிருந்து எடுத்துவிடுவார்கள், உறுதிபூசுதலும் கிடையாது. சொல்லாமல் போய் நின்றால் பொய்யோடுதான் நெற்றியில் எண்ணெய் வாங்க வேண்டும். ஃபாதருக்கு ஏதாவது ஆகிவிட்டால் — எழுத மாட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

வேறொரு ஃபாதர் பூசைக்கு வந்தார். நான் வரமாட்டேன் என்றுதான் சொன்னேன், ஆள் இல்லை என்று ரோனி இழுத்துக்கொண்டு போய்விட்டான். இன்று கேன் தண்ணீர். மூன்று தடவை முகர்ந்து பார்த்தேன்.

சொட்டு ஊற்றும்போது ஃபாதர் ஆஷ்லியின் உதடு மட்டும் அசையும். இவர் கொஞ்சம் சத்தமாக முணுமுணுத்தார், பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது. நம் மனிதத் தன்மையில் பங்கு கொள்ள அவர் இறங்கி வந்தார், அவருடைய இறைத்தன்மையில் நமக்குப் பங்கு கிடைக்கட்டும் என்று. இத்தனை நாள் இதன் பக்கத்தில்தான் நின்றிருக்கிறேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. அந்தச் சொட்டு நாம் என்றால், நாம் கேன் தண்ணீரா? இந்த ஊர் ஜனங்கள் எல்லோர் மேலும் அந்த மேட்டு மண் இருக்கிறதே. சுத்தம் ஆன பிறகு வா என்று அவர் சொல்லவில்லை. டிரம் தண்ணீர் மாதிரி இருக்கும்போதே ஊற்றிக்கொள்கிறார்.

அதற்காக நான் செய்தது சரி ஆகிவிடாது. ஆனால் இன்று இரண்டு இட்லி சாப்பிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

ஸ்கூல் விட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசல்வரை போய் இரண்டு தடவை திரும்பினேன்.

ஃபாதர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். “வா டீனா. பித்தப்பையில கல்லாம். கே.ஜி.எஃப்.ல பொறந்தவன் வயித்துல வேற இன்னா இருக்கும்? தங்கம் கிங்கம் இருந்தா எடுத்து வைங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லிருக்கேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். டிரம், படலம், அம்மாவிடம் சொன்ன பொய். அந்தக் கல் வருஷக்கணக்காக இருந்ததாம், தண்ணீரால் இல்லையாம். ஆனால் ‘பரவாயில்லை’ என்று அவர் உடனே சொல்லிவிடவில்லை.

“டிரம்ம மூடுனியா?”

“இல்ல ஃபாதர்.”

“இப்பவும் தொறந்தா கெடக்குது? அந்தத் தண்ணியில கை கழுவுற புள்ளைங்க இருக்குதுங்க. போய்க் கழுவி மூடிட்டு வா. அம்மாகிட்டயும் சொல்லிடு. அதான் பரிகாரம்.”

கையை உயர்த்திப் பாவமன்னிப்பு கொடுத்தார். உறுதிபூசுதல் பற்றிக் கேட்கப் பயம். கேட்காமலே எழுந்தேன். “ஞாயித்துக்கெழம வெள்ளை டிரஸ் இஸ்திரி போட்டுக்க. பிஷப் வராரு” என்றார்.

ஜூலை 16, புதன்

டிரம்மைத் தேய்த்துக் கழுவினேன். ரோனி பாதியில் வந்து பக்கெட் பிடித்தான். மூடிமேல் ஒரு கல் வைத்திருக்கிறேன். அம்மாவிடமும் சொன்னேன். “அடிப்பாவி” என்றாள். பிறகு தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

நெற்றியில் இன்னும் எண்ணெய் வாசனை. அழிக்க மனசில்லை.

வெளியே வந்ததும் ரோனி, “இன்னா டீனா, சாமி ஆயிட்டியா?” என்றான்.

“இன்னும் இல்ல. ஆரம்பிச்சிருக்காரு” என்றேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

பிஷப்புக்குக் குப்பியை நீட்டியது நான்தான். சொட்டு விழுந்த பிறகு கிண்ணத்தை எட்டிப் பார்த்தேன். தெரியவில்லை. ஆனால் இருக்கிறது. எனக்கும் நாளைக்கு மேத்ஸ் டெஸ்ட் பயம் அப்படியே இருக்கிறது. நான் காணாமல் போகவில்லை.

மணி எட்டரைதான். கூடத்து விளக்கின் கீழ் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா தாண்டிப் போகும்போது, “இன்னாடி எழுதுற?” என்றாள்.

நோட்டை மூடவில்லை. “தண்ணியப் பத்தி” என்றேன்.