“தூரமா?” என்றுதான் கேட்டேன்

என் சரண்யாவின் அப்பாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். என் முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிக்கிற ஆள். அதனால் உள்ளதைச் சொல்கிறேன். நம் மகள் இரண்டு வாரம் என்னோடு பேசாமல் இருந்தாள்.

தப்பு என் மேல்தான். ஆனால் பாதி உங்கள் மேலும் இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கத்தியை எடுத்துக்கொண்டு நீங்கள் விறகுக்குக் கிளம்பியபோது, எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. வாசலைத் தாண்டுகிற ஆளிடம் அப்படிக் கேட்டால் போகிற காரியம் விளங்காது என்று வளர்ந்தவள் நான். “தூரமா?” என்றுதான் கேட்டேன். “இல்ல புள்ள, பக்கந்தான்” என்றீர்கள். எந்தப் பக்கம் என்று நீங்களாகச் சொல்லியிருக்கக் கூடாதா? சாயங்காலம் லயத்து வீடுகளின் ஆட்களெல்லாம் தேயிலை மலைப் பக்கம் தேடினார்கள். நீங்கள் கீழே பழைய இறப்பர் மரக் காட்டில், முறிந்த கிளைக்கு அடியில் கிடந்தீர்கள். உடம்பில் சூடு இன்னும் ஆறவில்லை என்று தூக்கினவர்கள் சொன்னார்கள். கொஞ்சம் முந்தியிருந்தால்?

அதனால்தான் உங்கள் தம்பி எம்பிலிப்பிட்டியவிலிருந்து வந்தபோது, சரண்யாவின் போன் இருக்கிற இடத்தை என் போனில் காட்டும்படி செய்து தரச் சொன்னேன். அவளிடம் சொல்லவில்லை. பதினாறு வயதுப் பிள்ளை, சனிக்கிழமைகளில் தனியாக பஸ் ஏறி ஓப்பநாயக்கவுக்கு வகுப்புக்குப் போகிறது. நான் கொழுந்து பறிக்கிற இடத்தில் நின்று அந்த நீலப் புள்ளியைப் பார்ப்பேன். வாயைத் திறந்து கேட்கவும் வேண்டாம், சகுனமும் கெடாது. கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு சனிக்கு முன்னால் புள்ளி ஓப்பநாயக்கவில் இல்லை, பலாங்கொடையில் நின்றது. வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். சிநேகிதிகளோடு ஐஸ்கிரீம் கடையில் உட்கார்ந்திருந்தாள். சார் வரவில்லையாம், வகுப்பு இல்லையாம். கூட இருந்த சிங்களப் பிள்ளை எழுந்து, “வாடிவென்ன நெந்தே”, உட்காருங்க அத்தை என்று, எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டது. நான் உட்காரவில்லை. எல்லோர் முன்னாலும் இவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

“நான் இங்க இருக்கேன்னு யாரு சொன்னா?” என்று பஸ்ஸில் கேட்டாள். உண்மையைச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் போனை உங்கள் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். “இனி இது இங்கதான் இருக்கும். பாத்துக்கங்க.” அதோடு பேச்சு நின்றது. போனை வைத்துவிட்டே போனாள், வந்தாள். நீலப் புள்ளி நம் வீட்டிலேயே நின்றது.

பெற்றவளுக்குப் பிள்ளை இருக்கிற இடம் தெரிய வேண்டாமா? பக்கத்து வீட்டு பாக்கியம் அக்கா, “நீ செஞ்சது சரிதான்” என்கிறாள். சரியென்றால் ஏன் எனக்குச் சோறு இறங்கவில்லை?

இன்று காலை அவள் வகுப்புக்குக் கிளம்பும்போது வாசலில் போய் நின்றேன். பயமாகத்தான் இருந்தது. “எங்க போற?” என்று கேட்டே விட்டேன்.

என்னையே பார்த்தாள். “கிளாசுக்கு. முடிஞ்சதும் கூட்டாளி வீட்டுக்கு. நாலு மணி பஸ்ல வந்துருவேன்.” பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். “அப்பாகிட்டயும் இப்புடிக் கேட்டிருக்கலாமேம்மா.”

குத்திக்காட்டவில்லை. அழுதுகொண்டுதான் சொன்னாள்.

அந்தப் புள்ளியை எடுத்துவிடச் சொல்லி உங்கள் தம்பியிடம் பேசிவிட்டேன். இனி அவள் வாசல் தாண்டும் ஒவ்வொரு நாளும் வாய்விட்டுக் கேட்பேன். இது உங்களுக்குச் சத்தியம். உங்களிடம் கேட்காமல் விட்டதற்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா