காளான் பெட்டியும் வெள்ளைக் குருணையும்

தாராவி
20-6-1966

அன்புள்ள செண்பகவல்லிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத எனக்கு இன்று பொறுமை இல்லை. நீ அங்கே வளர்த்து அனுப்பிய காளான் மறுபடியும் வேர்த்துக் கொழகொழத்து வந்து சேர்ந்தது. சீன ஹோட்டல் சமையல்காரர் பெட்டியைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார். பிளாஸ்டிக் தாளில் இறுகப் பொதியாதே, கீரைக்குத் தெளிப்பதுபோல் தண்ணீர் தெளிக்காதே என்று எத்தனை தரம் சொல்வது?

அம்பர்நாத்துக்கு ரயிலில் வந்துபோகிற வடக்கத்திப் பால்காரர் பையாவிடம் நான் செய்த புது அட்டைப்பெட்டிகளைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பக்கத்தில் காற்றுக்குத் துளை உண்டு. கூடவே ஒரு டப்பாவில் வெள்ளைக் குருணை இருக்கும். மருந்துக் கம்பெனியில் வேலை செய்யும் கரீம் பாட்சா கொடுத்தது, ஈரத்தைக் குடித்துவிடுமாம். துணியில் சின்ன முடிச்சாகக் கட்டி, மூடிக்கு அடியில் தொங்கவிடு. உன் அண்ணனுக்கு என் அன்பைச் சொல்.

வானமாமலை

அம்பர்நாத்
24-6-1966

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே அண்ணனும் மதினியும் நானும் சுகம். நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

டப்பாவைப் பார்த்த மதினி, "அண்ணாச்சி ஜவ்வரிசி குடுத்து விட்டிருக்காவ" என்று பாயசத்துக்குக் கொதிக்கிற பாலில் போட்டுவிட்டாள். அது பட்பட்டென்று வெடித்ததும் கரண்டியை எறிந்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். பால் வீண். டப்பாவின் மேல் இன்னதென்று எழுதி ஒட்டக் கூடாதா? மீதியைப் பெட்டிகளில் கட்டி அனுப்பியிருக்கிறேன்.

அங்கே நம் வீடெல்லாம் உங்கள் அட்டைப்பெட்டி, கால் நீட்ட இடமில்லை என்று அன்றைக்குச் சொன்னேன். "அப்ப உன் அண்ணன் வீட்டுக்குப் போ" என்று கத்தினீர்கள். வந்துவிட்டேன். கடிதத்துக்குக் கடிதம் காளான் சமாச்சாரம்தான் எழுதுகிறீர்கள். நீங்கள் கூப்பிடாமல் நான் எந்த முகத்தோடு திரும்பி வருவது?

செண்பகவல்லி

தாராவி
29-6-1966

அன்புள்ள செண்பகவல்லிக்கு,

ஈரத்தைக் குடிக்கிற சாமானைப் பாயசத்தில் போட்டவர்களை என்ன சொல்வது! மீதியையாவது அளவாகக் கட்டினாயா? காளான் சுண்டைக்காய் வற்றல்போல் சுருங்கி வந்தது. சமையல்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

யோசித்துப் பார்த்தேன். அம்பர்நாத்திலிருந்து ரயிலில் வரவேண்டியிருப்பதால்தானே இத்தனை பாடு? இங்கேயே வளர்த்தால் குருணையும் வேண்டாம், முடிச்சும் வேண்டாம். பெட்டிகளையெல்லாம் கரீம் பாட்சா வீட்டு மாடிக்கு மாற்றிவிட்டேன். அறை காலி. காளான் வளர்க்க வைக்கோலும் வாங்கிப் போட்டாயிற்று. வியாபாரத்துக்கு இதுதான் நல்லது. விதையோடு புறப்படு.

வானமாமலை

அம்பர்நாத்
3-7-1966

அத்தானுக்கு,

நான் கால் நீட்ட ஒழியாத அறை வைக்கோலுக்கு ஒழிந்ததா? ரொம்ப சந்தோஷம். படித்துவிட்டு அழுதேன், மதினி பார்த்துவிட்டாள், வெட்கமாகப் போயிற்று.

விதையைப் பையாவிடம் கொடுத்திருக்கிறேன். காளான் வளர்க்கச் சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரத்துக்காக நான் வரமாட்டேன். இனிப் பெட்டி அனுப்ப வேண்டாம்.

செண்பகவல்லி

தாராவி
6-7-1966

செண்பகவல்லி,

உன்னோடு பெரிய ரோதனையாகப் போயிற்று. விதையைச் சாக்கடையில் கொட்டினேன். வைக்கோலைப் பையாவின் எருமைகளுக்குக் கொடுத்துவிட்டேன். ஹோட்டல்காரரிடம் இனிக் காளான் கிடையாது என்று சொல்லியாயிற்று.

அறையில் இப்போது ஒன்றுமே இல்லை. பார்க்கச் சகிக்கவில்லை. வீட்டுக்கு வா. இதற்குமேல் எனக்கு எழுதத் தெரியாது.

வானமாமலை