பெட்டியில் விட்டவள் நான்

அன்புள்ள அண்ணிக்கு,

"அம்மா, அந்த ரெண்டையும் பெட்டியில விட்டது நான்தான்." அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான். பதினேழு நாள் கழித்து உங்களுக்கு எழுதுகிறேன்.

உடம்பு சற்றுத் தேறியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே அண்ணன் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. கேட்டால் வயிறு சரியில்லை என்கிறான்.

அன்று காலை நடந்தது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். உங்கள் ஐந்து கோழிக்குஞ்சுகளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று சந்தையில் இரண்டு வாங்கி வந்தேன். உங்களுடையவற்றைவிட ஒரு மாதம் மூத்தவை. நீங்கள் படுத்தபடியே, "தனிப் பெட்டியில வை. ஒரு வாரம் பக்கத்துல இருந்து பழகட்டும். இப்பவே ஒண்ணா விட்டா சின்னதுங்களைப் பிச்சுடும்" என்றீர்கள். "சரி அண்ணி" என்றேன். இன்னொரு பெட்டி தேடச் சோம்பல். பாதியில் வைத்த நாவல் வேறு இழுத்தது. எல்லாவற்றையும் ஒன்றாக விட்டு, மாடியறைக் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

மதியம் துணி எடுக்கப் போன அம்மா பார்த்திருக்கிறாள். உங்கள் ஐந்தில் சிறியது, நீங்கள் குட்டை என்று கூப்பிடுவது, மூலையில் தலையைச் செருகிக்கொண்டு நின்றதாம். வால் இருந்த இடத்தில் வெறும் சதை. புதியவை இரண்டோடு, குட்டையுடன் ஒரே விளக்குச் சூட்டில் வளர்ந்த நான்கும் சேர்ந்து கொத்திக்கொண்டிருந்தன.

அம்மா கூடத்துக்கு வந்து கேட்டது உங்களை. "ஒரு குஞ்சைக் காப்பாத்தத் துப்பில்ல. இவ கையில எந்த உயிர்தான் தங்கும்?"

நீங்கள் மருத்துவமனையிலிருந்து வெறுங்கையோடு திரும்பி மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஒரே ஒருமுறை என்னைப் பார்த்தீர்கள். நான் புத்தகத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மறுநாள் உங்கள் அப்பா வந்து அழைத்துப் போனார். "பத்து நாள் அங்க இருந்துட்டு வரட்டும், எல்லாம் ஆறிடும்" என்றான் அண்ணன். அதற்கும் தலையாட்டினேன்.

குட்டையை என் அறைக்குக் கொண்டுவந்து ஊதா மருந்து போட்டேன். சிவப்பு தெரிந்தால் மற்றவை விடாதாம். கட்டிலுக்குப் பக்கத்தில், கூடையில் பன்னிரண்டு நாள். புண் ஆறியதும் பெரிய கெட்டிக்காரி மாதிரி பெட்டியில் கொண்டுபோய் விட்டேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி ரத்தம்.

மறுநாள் தீவனக் கடை அக்கா என்னைத் திட்டித் தீர்த்தாள். "அடி வாங்கினத ஏம்மா வெளிய எடுத்துக் கொஞ்சிக்கிட்டு இருந்த? திரும்பி வந்தா அதுதானே புது ஆளு! கொத்துறது ரெண்டையும் தூக்கித் தனியா போடு. நாலு நாள்ல கொட்டம் அடங்கும்."

பேருந்தை விட்டுவிட்டு வீடுவரை நடந்தே வந்தேன். புதியவை இரண்டையும் கூடையில் போட்டேன். அன்று சாப்பிடும்போது அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அந்த ஞாயிறு காலையில் நீங்கள் என்னை எச்சரித்ததையும் சேர்த்து.

"இப்ப எதுக்குடி இதைச் சொல்ற? அவதான் போயாச்சே" என்றாள்.

"அவங்க போனதாலதாம்மா."

அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டான்.

மன்னியுங்கள் என்று எழுதி இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்டேன். அதை எழுதினால் நீங்கள் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். உங்களுக்கு அந்தப் பாரமும் வேண்டாம். வாருங்கள் என்று கூப்பிடவும் எனக்கு முகமில்லை. வருவதென்று நீங்களாக முடிவு செய்தால், ஒரு நாள் முன்னதாக எனக்குச் சொல்லுங்கள் அண்ணி. அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பேன். அம்மா ஏதாவது பேசினால், முதலில் என் காதில் விழட்டும்.

குட்டை பிழைத்துக்கொண்டது. வால் இன்னும் முளைக்கவில்லை. மற்றவை தின்று நகர்ந்த பிறகுதான் தீவனத்துக்கு வருகிறது. அம்மா என்னோடு பேசி இன்றோடு நான்கு நாள் ஆகிறது.

உங்கள் நாத்தனார்