உப்புப் படிகத்தின் மஞ்சள்

அன்புள்ள துறுதுறுவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். அப்பாவின் நலம் இப்போதைக்கு ஒரு கண் அளவு, அதில் புரை எடுத்தாயிற்று, மற்றதில் அடுத்த மாதம் எடுப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அதனால் எழுதுகிறேன்.

அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருக்குமே, கறுப்புத் தாள் சுற்றிய தகர டப்பா. அதற்குள் நம் உப்புப் படிகம். நீ பிறந்த வாரம் ஆய்வுக்கூடத்தில் அப்பா காமாக் கதிரில் வைத்து எடுத்தது. கண்ணாடியாக உள்ளே போனது, தேன் மஞ்சளாக வெளியே வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் போர்வைக்குள் டார்ச் அடித்துக் காட்டினார், நர்ஸ் திட்டினாள். நீ வளர்ந்த பிறகும் அதே போர்வை. "சீக்கிரம் பாரு, வெளிச்சம் தின்னுடும்" என்பார், நீ இன்னும் கொஞ்சம்ப்பா என்று அடம் பிடிப்பாய். கதிர் பட்டால் படிகத்துக்குள் சில இடங்கள் காலியாகும், காலி இடத்தில் ஓர் எலெக்ட்ரான் வந்து மாட்டிக்கொள்ளும், அதுதான் மஞ்சள், வெளிச்சம் பட்டால் அது கிளம்பிவிடும் என்று விளக்கினார். அப்புறம் எங்கே போகும் என்று அழுதாய். "அது வீட்டுக்குத்தான் போகும், நீ தூங்கு" என்றார்.

நீ வெளிநாட்டுக்குக் கிளம்பிப் போன பிறகு தினமும் காலையில் டப்பாவோடு ஜன்னலுக்குப் போக ஆரம்பித்தார். "அவளுக்கு இப்ப ராத்திரி" என்பார். வெளிச்சத்தில் வைக்காதே என்று ஊருக்கே பாடம் எடுத்தவர். நான் கவனித்தபோது படிகம் வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது. அவரோ, "பாத்தியா, நிறம் அப்படியே நிக்குது" என்றார். புரை விழுந்த கண்ணுக்குச் சுவரும் மஞ்சள், என் நரையும் மஞ்சள். ஆமாம் என்றேன். முதல் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள், கட்டு அவிழ்த்ததும் முதலில் இதைத்தான் கேட்பார். அவருக்குக் கீழே வேலை பார்த்த சுருட்டையிடம் போனேன். இப்போது அவன் தலையில் ஒரு சுருள்கூட இல்லை, அவன்தான் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவன். "குடுங்க அண்ணி, சாயங்காலத்துக்குள்ள பழையபடி மஞ்சளாக்கித் தரேன், அண்ணனுக்குத் தெரியவே தெரியாது" என்றான். டப்பாவோடு கையை நீட்டிவிட்டேன். மஞ்சள் வரும். நீ பிறந்த வாரத்து மஞ்சள் வராது. மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன்.

நேற்று கட்டு அவிழ்த்ததும் கேட்டார். கொடுத்தேன். ஜன்னலோரம் நின்று புதுக் கண்ணை மூடிப் பார்த்தார், பழைய கண்ணை மூடிப் பார்த்தார். நான் அடுப்படியில் இல்லாத வேலையைச் செய்துகொண்டிருந்தேன். கடைசியில் கூப்பிட்டார். "போச்சு. பாத்துப் பாத்தே தீத்துட்டேன்" என்றார். காலி டப்பாவை விரலால் தட்டிக்கொண்டே, "டப்பாவுலயே இருந்திருந்தா மஞ்சளாவே இருந்திருக்கும். ஆனா யாரு பாத்திருப்பா?" பிறகு என்னை உற்றுப் பார்த்து, "உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?" என்று சிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு.

படிகத்தை உனக்கு அனுப்பச் சொன்னார், இதனுடன் வருகிறது. உடம்பும் மனசும் ஒன்றுபோல் நன்றாக இருக்கட்டும், போன இடத்தில் உனக்கு நல்ல தூக்கம் வரட்டும் என்று இரண்டு பேரும் வாழ்த்துகிறோம். ஒன்று மட்டும் மறக்காதே, ஈரக் கையால் தொடாதே, உப்பு, கரைந்துவிடும். இருட்டில் வைக்க வேண்டியதில்லை. ஜன்னலில் வை.

போர்வைக்குள் உன்னோடு எட்டிப் பார்த்த
அம்மா