மேலத்தெருவும் அவர் செருப்பும்

1938 ஜூலை 5
குழம்பில் உப்பு தூக்கல். வீட்டுக்காரர் எதைப் போட்டாலும் தின்பார். ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரிடம் போய் வந்தோம். மூத்திரத்தை நீல மருந்து விட்டுக் காய்ச்சினார், செங்கல் நிறம் வந்தது. நீரிழிவாம். பிறகு உள்ளங்காலில் ஊசியால் குத்தினார். இவர் குத்தினது தெரியாமலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாத்தியாரே, செருப்பில்லாம வாசப்படி தாண்டக்கூடாது. முள்ளு குத்தினாலும் உங்களுக்குத் தெரியாது. புண்ணு வந்தா காலே போயிரும். தெனமும் உள்ளங்காலப் பாக்கணும்” என்றார் டாக்டர்.

இவர் தலையாட்டினார். தலையாட்டுவதில் என் வீட்டுக்காரரை மிஞ்ச ஆள் கிடையாது.

ஜூலை 12
ராஜபாளையத்தில் அளவு கொடுத்துத் தைத்த செருப்பு வந்துவிட்டது. அகலமாக, மெத்தென்று, குதிகாலுக்கு வார் வைத்து. உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்து நானே மாட்டிவிட்டேன்.

ஜூலை 14
அடுத்த வீட்டு மாடத்தி சொல்கிறாள், “எக்கா, சாரு பள்ளிக்கூடம் போகையில மேலத்தெரு முனையில செருப்பக் கழத்திக் கக்கத்துல வச்சிக்கிட்டுல்லா போறாவ.”

செருப்பு காலுக்கா, கக்கத்துக்கா? இவரிடம் கேட்டேன்.

“நம்மாளுக அந்தத் தெருவுல செருப்புப் போட்டு நடந்ததில்லட்டி. ஐயாதுரை முதலாளி கோவிச்சுக்கிட்டார்னா, அவர் வயல்ல வேல செய்யுதவுக பிள்ளைகள யாரு பள்ளிக்கூடத்துக்கு விடுவா?”

கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து மூன்று தலைமுறை. படித்தவர், நாலு பேருக்குப் படிப்பு சொல்லித் தருகிறவர். அந்த ஐயாதுரைக்குக் கையெழுத்துப் போட வராது. அவனுக்குக் குனிகிறார். சுற்றுவழியாகப் போகலாம் என்றால் கண்மாய்க்கரை முழுக்க முள்.

ஜூலை 24
குருவானவரிடம் சொல்லிப் பார்த்தேன். பொறுமையைப் பற்றி வெகுநேரம் பேசினார். அவர் மேலத்தெருவைக் கடப்பது வில்வண்டியில். பொறுமைக்கு என்ன குறைச்சல்?

ஜூலை 30
விளக்கு வைத்ததும் உள்ளங்காலைப் பார்க்கப் போனால் காலை இழுத்துக்கொள்கிறார். பெண்டாட்டி காலைப் பிடித்துப் பார்ப்பது கூச்சமாம். தெருமுனையில் குனிந்து வாரைக் கழற்றும்போது இந்தக் கூச்சம் எங்கே போகும்?

ஆகஸ்ட் 9
இன்று விடவில்லை. பிடித்து இழுத்துப் பார்த்தேன். பெருவிரலுக்கு அடியில் முள். எத்தனை நாளாக இருந்ததோ. பிடுங்கினேன், சீழ் கொட்டுகிறது. இவர் பிள்ளைகளின் கணக்கைத் திருத்திக்கொண்டே கேட்கிறார்: “என்னட்டி செய்யுத?”

அட பாவி மனுசா. உம்ம கால்தான்யா இது.

கோபத்தில்தான் அழுதேன் — இல்லை, பயம். சொன்னால் என்ன, பயம்தான்.

ஆகஸ்ட் 21
இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மிச்சக் கால் தப்புமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

செப்டம்பர் 2
தப்பிவிட்டது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். மேலத்தெருவுக்கு இல்லை.

செப்டம்பர் 26
கம்பு ஊன்றிப் பள்ளிக்கூடம் போய் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“ஐயாதுரை முதலாளியே கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. ‘சீக்காளி மனுசன், செருப்புப் போட்டுட்டே போகட்டும்’னு. பெரிய மனசு, என்னட்டி?”

பெரிய மனசாம். தூ. இரண்டு விரலை அறுத்துக் கொடுத்த பிறகு வந்த மனசு. அதை, முதலாளி அளந்த பொங்கல்படி நெல்லு வாங்கினவர் மாதிரி வந்து சொல்கிறார். சோற்றை வைத்தேன்.

அக்டோபர் 3
ராஜபாளையம் போய் எனக்கு ஒரு ஜோடி வாங்கினேன். இந்த வயதில் முதல் செருப்பு. விரலிடுக்கு எரிகிறது. பஸ்ஸை விட்டு இறங்கி மேலத்தெரு வழியாகவே நடந்தேன், போட்டுக்கொண்டே. ஐயாதுரை வாசலில் நின்றான். என் காலைப் பார்த்தான்.

“ஏட்டி வாத்திச்சி, ஒனக்குமா அந்தச் சீக்கு?”

“எனக்கு ஒரு சீக்கும் கெடையாது” என்றேன். நிற்காமல் நடந்து வீட்டுக்கு வந்தேன்.